நஞ்சு கழுத்தோடு நிற்கட்டும்!

திருச்செங்கோட்டு மலை. போன கார்த்திகையில் ஒரு பிரதோஷ நாள். மதியம் மூன்று மணி இருக்கும். மேலே போக நல்ல சாலை இருந்தும், படியேறித்தான் அர்த்தநாரீஸ்வரரைப் பார்ப்பேன் என்று கிளம்பியிருந்தேன். 1,200-க்கும் மேற்பட்ட படிகள். பாறையிலே பிரம்மாண்டமாகச் செதுக்கியிருக்கும் ஐந்து தலை நாகர் இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே வருகிற எல்லோரும் மஞ்சளும் குங்குமமும் வைத்து நாகரைத் தொட்டு வணங்குகிறார்கள். அப்படித் தொட்டு வணங்கிவிட்டு வந்த ஒரு பெண், எனக்கு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார். இருபத்தெட்டு வயது இருக்கலாம். கைப்பையில் இருந்து சின்ன சானிடைசர் பாட்டிலை எடுத்தார். கைகளில் ஊற்றித் தேய்த்தார். சரி, நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடியும் ஊற்றினார். பிறகு மறுபடியும்!

அப்போதுதான் அந்தக் கைகளைக் கவனித்தேன். விரல் இடுக்குகளெல்லாம் தோல் வெடித்து, சிவந்து, பார்க்கவே எரிச்சலாக இருந்தது. உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. காது கொடுத்துக் கேட்டேன். ஞானசம்பந்தரின் திருநீலகண்டப் பதிகம்! இதே ஊரில் பாடிய பதிகம் ஆயிற்றே என்று எனக்கு ஒரே சந்தோஷம். மெள்ளப் பேச்சுக் கொடுத்தேன்.

''கொஞ்சம் இருங்க்கா. எண்ணிக்கை தப்பிடுச்சு. மறுபடி முதல்ல இருந்து சொல்லணும்...'' என்றார். கண்களில் நீர் கோத்திருந்தது.

பிறகு அவரே சொன்னார். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. தினமும் நாற்பது, ஐம்பது பேருக்கு ரத்தம் எடுக்க வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு, ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி, கையுறையைத் தாண்டி விரலில் குத்திவிட்டது. உடனே கழுவி, மருத்துவரிடம் போய், மருந்து சாப்பிட்டு, ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று பரிசோதனையும் செய்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் 'ஒன்றும் இல்லை' என்றே முடிவு. 'இனிமேல் சோதிக்க வேண்டியதில்லை' என்று மருத்துவரும் சொல்லிவிட்டார்.

''ஆனா மனசு கேக்கலீங்க்கா. வாயில ஒரு புண்ணு வந்தாப் போதும், அதுதானோன்னு இருக்கும். ராத்திரியெல்லாம் செல்போன்ல அதையே தேடித் தேடிப் படிக்கிறேன். வீட்டுல எனக்குத் தனித் துண்டு, தனித் தட்டு. நாலு வயசுல பாப்பா இருக்கா. அவளை நான் தூக்கியே எட்டு மாசம் ஆகுதுங்க்கா. அத்தைகூடத்தான் படுத்துக்குறா. 'அம்மாவுக்கு என்னைப் புடிக்காதா பாட்டி'ன்னு கேட்டாளாம்...''

கைப்பையைத் திறந்து ஒரு கவரைக் காட்டினார். ராஜினாமாக் கடிதம். சுவாமியின் காலடியில் வைத்து எடுத்து, மறுநாள் காலை கொடுப்பதாக முடிவு.

அன்பு வாசகர்களே! அந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? 'பயப்படாதே அம்மா, சாமி பார்த்துக்கொள்ளும்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால், அந்த ஒரு வரியைத்தான் எட்டு மாதமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கைகளும் வெடித்துக்கொண்டே இருக்கின்றன.

இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. வார்டில் வேலை பார்க்கும் செவிலியர், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர், நாள் முழுக்க நெரிசலில் நின்று டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், சளியும் இருமலுமாக வரும் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் ஆசிரியை... வேலைக்குப் போகும் இடத்திலிருந்து நோயை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவோமோ என்று கலங்குகிறவர்கள் எத்தனையோ பேர். உங்களில் ஒருவராகவும் அவர் இருக்கலாம். எனவே, அந்தப் படிக்கட்டில் எனக்குக் கிடைத்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

குளிர்காலத்தில் வந்த காய்ச்சல்

முதலில், அந்தப் பெண் முணுமுணுத்த பதிகத்தின் கதை.

ஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டுத் தலங்களை வழிபட்டு வரும்போது, அந்நாளில் கொடிமாடச் செங்குன்றூர் என்று பெயர் பெற்றிருந்த திருச்செங்கோட்டில் தங்கியிருந்தார். அப்போது குளிர்காலம் வந்தது. கூடவே விஷக் காய்ச்சலும் வந்தது! உடன் வந்த அடியார்களை ஒவ்வொருவராக நடுக்கும் குளிர்சுரம் பிடித்தது. ஓடி வந்து பெருமானிடம் முறையிட்டார்கள்.

சேக்கிழார் பெருமான் இந்த இடத்தைச் சொல்லும் அழகைப் பாருங்கள். 'நோயா? அப்படி ஒன்றும் இல்லையே!' என்று சம்பந்தர் மறுக்கவில்லை. 'இது இந்த நாட்டின் இயல்பு' என்று உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகே, 'ஆனாலும் அது நம்மைச் சேராது' என்று உறுதி சொல்லித் திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டுப் பாடுகிறார். முதல் திருமுறையில் 116-வது பதிகம் அது. பாடி முடித்ததும் அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டு அந்தச் சுரம் நீங்கியது என்கிறது பெரியபுராணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ச்சல் பரவுகிறது என்று தெரிந்ததும், 'கிளம்புங்கள், வேறு ஊருக்குப் போய்விடலாம்' என்று அந்த ஞானக் குழந்தை மூட்டை கட்டவில்லை. நோயாளிகளின் நடுவே நின்றுதான் பாடினார்!

பதிகத்தில் அப்படி என்ன சொல்கிறார்? 'அன்று செய்த வினைக்கு இன்று இது வந்தது' என்று பேசிக்கொண்டே, அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறைதானே என்று தொடக்கத்திலேயே கேட்கிறார். கையால் செய்ய வேண்டிய பணிகளைச் செய்து, இறைவனின் திருவடியைப் போற்றுவோம் என்கிறார். அடுத்த பாட்டில், சோலைகள் அமைப்பதையும் குளங்கள் தோண்டுவதையும் பேசுகிறார். வினை வந்து நம்மைத் தீண்டாது என்று ஒவ்வொரு பாட்டிலும் ஆணையிடுகிறார்.

கல்லூரியில் தமிழ் படித்தபோது இந்தப் பதிகத்தை ராகத்தோடு மனப்பாடம் செய்தேனே தவிர, 'கை' என்ற அந்தச் சொல்லை நான் கவனித்ததே இல்லை. நோய் தீண்டாமல் இருக்கப் பாடிய பதிகம், கைக்கு முதலில் வேலை கொடுத்துவிட்டுத்தான் இறைவனின் காலைப் பிடிக்கச் சொல்கிறது!

நஞ்சை ஏந்திவந்த கை

பிரதோஷம் என்றாலே பாற்கடல் கடைந்த கதைதான். தேவர்களும் அசுரர்களும் மந்தர மலையை மத்தாக்கி, வாசுகியைக் கயிறாக்கிக் கடைந்தார்கள். அமுதம் வருவதற்கு முன்னால் ஆலகால விஷம் வந்தது. எல்லோரும் சிதறி ஓடினார்கள்.

ஆனால், ஒரே ஒருவர் அதன் பக்கத்தில் போனார். சிவபெருமானின் அணுக்கத் தொண்டரான சுந்தரர். 'அந்த விஷத்தை இங்கே கொண்டு வா' என்று இறைவன் பணிக்க, அதை நாவல்பழம்போல் திரட்டி உள்ளங்கையில் ஏந்திவந்து அவர் கொடுத்தார் என்பது ஐதீகம். அதனால்தான் அவருக்கு 'ஆலாலசுந்தரர்' என்று பெயர் வந்தது. பின்னாளில் திருநாவலூரில் அவதரித்த சுந்தரமூர்த்தி நாயனார் இவர்தான்.

யோசித்துப் பாருங்கள். ஊரே ஓடுகிற விஷத்தைத் தொட்டு, எடுத்து, சிந்தாமல் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தது ஒரு கை. ரத்தக் குப்பிகளை எடுத்துப் போகும் கை, நோயாளியின் படுக்கையை மாற்றும் கை, மருத்துவக் கழிவைப் பிரிக்கும் கை... இவையெல்லாம் எந்தக் கையின் வரிசையில் சேரும்?

இதைச் சொன்னதும் அந்தப் பெண் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ''இதுவாங்க்கா?'' என்றார். ''ஆமாம்'' என்றேன்.

விழுங்கவும் இல்லை... உமிழவும் இல்லை!

விஷத்தை வாங்கி ஈசன் உண்டார். பதறிப்போன பார்வதி தேவி, அவர் கழுத்தைப் பற்றினாள். விஷம் அங்கேயே நின்றது. கழுத்து நீலமானது. நீலகண்டன் என்ற திருநாமம் வந்தது.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. அந்த விஷம் வயிற்றுக்குள் போயிருந்தால், அவருக்குள் இருக்கும் உயிர்களுக்கெல்லாம் ஆபத்து. வெளியே உமிழ்ந்திருந்தால், உலகத்துக்கு ஆபத்து. அவர் இரண்டையும் செய்யவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார்.

பயமும் அப்படியொரு விஷம்தான். அதை விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? ராத்தூக்கம் போகும், பசி போகும், பெற்ற பிள்ளையைத் தூக்கும் கைகூட நடுங்கும். உமிழ்ந்துவிட்டால்? 2020-ல் நாம் பார்த்தோமே! மார்ச் 22-ம் தேதி மாலையில் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கை தட்டினோம்; தட்டு தட்டினோம். அதே நாட்களில்தான், 'ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாயா? வீட்டைக் காலி செய்' என்று வாடகைக்கு இருந்த செவிலியர்களிடம் சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தச் செய்திகளைப் படித்துத் தலைகுனிந்தோம். அதெல்லாம் உமிழ்ந்த விஷம்.

பயமே இல்லாமல் இருக்க முடியுமா? முடியாது; கூடவும் கூடாது. நீலகண்டனின் கழுத்தில் அந்த விஷம் இன்னும் இருக்கிறது! அது மறையவில்லை. ஆனால், அது அவரை ஆளவில்லை. நமக்கும் அவ்வளவு போதும்.

எந்தப் பயம் நல்ல பயம்?

பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது பேதைமை என்கிறார் வள்ளுவர். அதுவும் 'அறிவுடைமை' அதிகாரத்தில்! எனவே, பயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பயம், கைக்கு வேலை சொல்லும். 'கையுறை போடு; பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதே; அதற்கென்று உள்ள பெட்டியில் போடு; நோயாளியைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவு' என்று சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவுவதற்கு 40 முதல் 60 விநாடிகள் போதும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒருவேளை ஊசி குத்திவிட்டால்? விரலைப் பிதுக்கக் கூடாது. வாயில் வைக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 'திட்டுவார்களோ' என்று மறைக்காமல், உடனே மேலதிகாரியிடமும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் தடுக்கும் மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டிவிடக் கூடாது. 28 நாட்கள் சாப்பிட வேண்டும். அந்தக் கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசியே குத்தியிருந்தாலும், மருந்து எடுக்காத நிலையில்கூடத் தொற்றுவதற்கான வாய்ப்பு சுமார் ஆயிரத்தில் மூன்றுதான் என்கிறது மருத்துவம். மருந்து எடுத்தால் அது இன்னும் குறையும்.

வேலை பார்க்கும் இடத்தில் கையுறையே தரவில்லை, முகக்கவசம் தரவில்லை என்றால், அங்கே வருகிற பயம் மனப்பிரமை அல்ல, நியாயமான பயம்! அதைக் கழுத்தில் நிறுத்த வேண்டாம். வாய் திறந்து கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

இரண்டாவது பயம் வேறு மாதிரி. கை செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகும் அது போகாது. 'இன்னொரு தடவை கழுவு... இன்னொரு தடவை சோதித்துப் பார்... இன்னொருவரிடம் கேள்...' என்று கொண்டே இருக்கும். சொன்னபடி செய்தால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு முன்னைவிடப் பெரிதாக வந்து நிற்கும். தீனி போடப் போட வளர்கிற பயம் இது. இன்னொரு வேடிக்கை பாருங்கள். அளவுக்கு மீறிக் கழுவினால் தோல் வெடிக்கிறது. கிருமி உள்ளே வராமல் உடம்பு கட்டிவைத்த சுவரே தோல்தானே! அந்தச் சுவரை நாமே இடிக்கிறோம்.

சாமிக்கு ஒரு தடவை சொன்னால் போதும்

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க எங்கள் அருகே உட்கார்ந்தார். நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவராம். அந்தப் பெண் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

''ஐயா, நெதமும் இந்தப் பதிகத்தை இருபத்தொரு தடவை சொல்றேனுங்க. நடுவுல ஒரு எழுத்து தப்பாயிட்டா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். சில நாள் ராத்திரி ரெண்டு மணி ஆயிடுதுங்க. அப்படியும் பயம் போகலையே, ஏனுங்க?''

பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

''தாயி, சாமிக்குக் காது நல்லாக் கேக்கும். ஒரு தடவை சொன்னாப் போதும்.''

எனக்குச் சுரீரென்றது. பக்திப் பத்திரிகையில் வேலை பார்க்கும் நான், 'இத்தனை முறை சொல்லுங்கள், அத்தனை முறை வலம் வாருங்கள்' என்று எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எண்ணிக்கையில் தவறில்லை. மனம் ஒன்றுவதற்காகப் பெரியவர்கள் வகுத்தது அது. ஆனால், பயந்த மனசின் கையில் அந்த எண்ணிக்கை கிடைத்தால், ஜபமும் இன்னொரு சானிடைசர் பாட்டில் ஆகிவிடுகிறது! சொல்லாவிட்டால் ஏதோ நடந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டே சொல்வதற்குப் பெயர் பிரார்த்தனை அல்ல. நம் அம்மாவிடம் 'தண்ணி குடு' என்று இருபத்தொரு தடவையா கேட்கிறோம்?

உழைச்செல்வான்

'மருந்து' என்ற அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக நோயாளியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர். அந்த நான்காமவருக்கு வள்ளுவர் வைத்த பெயர், 'உழைச்செல்வான்.' 'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் போகிறவர் என்று பொருள். நோய் என்றதும் ஊரே விலகும்போது, பக்கத்தில் போகிறாரே, அவர் மருந்தில் ஒரு பங்கு!

நம் கோயில்களுக்கும் இது தெரிந்திருந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், 11-ம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அந்தக் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை இயங்கியதை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை வைத்தியம் செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுத்திருக்கிறார்கள். 'தீர்த்தம் குடித்தால் போதும், வைத்தியர் எதற்கு?' என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. சந்நிதியும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். அதுதான் நம் மரபு.

ஆகவே, பயம் உங்களை அன்றாட வேலை செய்ய விடாமல் ஆட்டிவைத்தால், மனநல மருத்துவரிடம் போவது தெய்வக் குற்றமும் அல்ல. வெட்கப்பட வேண்டியதும் அல்ல. அம்பாள் கழுத்தைப் பிடித்தாளே, அதைப்போல ஒரு கை நமக்கும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். மத்திய அரசின் 'டெலி மானஸ்' என்ற இலவச மனநல ஆலோசனைச் சேவை 2022-ல் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஈசனுக்கும் ஓய்வு உண்டு

சென்னையில் இருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் சாலையில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது சுருட்டப்பள்ளி. எங்கும் லிங்கமாகவோ, ஆடும் கோலத்திலோ தரிசிக்கும் சிவபெருமான், இங்கே அம்பாளின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார்! விஷம் உண்ட களைப்பில் சற்றே பள்ளிகொண்டாராம். பள்ளிகொண்டீஸ்வரர் என்று திருநாமம்.

விஷத்தைக் கையாள்கிறவருக்கு ஓய்வு வேண்டும் என்பதை ஈசனே காட்டிவிட்டார். இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும், செல்போனில் நோய்களின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் அன்பர்களே... கொஞ்சம் சுருட்டப்பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்!

எப்படிப் பிரார்த்திப்பது?

வேலைக்குக் கிளம்பும்போது, பூஜை அறையில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பாருங்கள். 'நீலகண்டா, இந்தக் கை இன்று செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யட்டும்' என்று ஒரே ஒரு முறை சொல்லி, திருநீறு இட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில், விதிமுறை என்ன சொல்கிறதோ அதை முழுமையாகச் செய்யுங்கள். குறையவும் வேண்டாம், கூடவும் வேண்டாம்.

வீட்டு வாசலில் கை கால் கழுவி, உடை மாற்றுங்கள். ஒரு முறை. மனம் 'இன்னொரு தடவை' என்று கெஞ்சும். அப்போது வலது கையால் உங்கள் கழுத்தை மெள்ளத் தொட்டு, 'திருநீலகண்டம்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். பயம் கூடவே வரும். வரட்டும். அது கத்தட்டும், நீங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்குவதைப் பார்ப்பீர்கள். முதல் நாள் கஷ்டமாக இருக்கும். பழகப் பழகத்தான் குறையும்.

உடம்பில் சந்தேகம் வந்தால், நம்பிக்கையான ஒரே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிச் சுவாமி படத்தின் கீழே வையுங்கள். பயம் வரும்போது செல்போனைத் தேடாமல் இருக்க அது உதவும். முடிந்தால் பிரதோஷ நாளில் மாலை 4.30 முதல் 6.00 மணிக்குள் சிவாலயம் சென்று, நந்தியின் அருகே நின்று வணங்கிவிட்டு வாருங்கள்.

பிரதோஷ வேளை நெருங்கிவிட்டதால், நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்தே படியேறினோம். சந்நிதியில் தீபாராதனை காட்டினார்கள். பாதி வேட்டியும் பாதி புடவையுமாக, ஆண் பாதி பெண் பாதியாக நிற்கிறார் மாதொருபாகர். அன்றைக்கு எனக்கு வேறொன்று தோன்றியது. கழுத்தைப் பற்றிய அம்பாளின் கை, இந்தத் தலத்தில் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. விஷம் உண்ட உடம்பிலேயே அவள் பாதியாக இருக்கிறாள்!

தீர்த்தம் கொடுத்தார்கள். அந்தப் பெண் கையை நீட்டினார். வெடிப்புகளில் பட்டு எரிந்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. குடித்துவிட்டு, ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டார். பையில் இருந்த பாட்டிலை எடுக்கப் போனவர், எடுக்காமல் நிறுத்திவிட்டார். அந்தக் கவரையும் எடுக்கவில்லை.

''வேலையை விடலாமா வேண்டாமான்னு இன்னும் தெரியலீங்க்கா. ஆனா பயந்துக்கிட்டு விடமாட்டேன். முதல்ல நீங்க சொன்ன மாதிரி டாக்டரைப் பார்க்கிறேன்'' என்றார். அது போதும் என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்தார். மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறாராம். பயம் முழுசாகப் போகவில்லையாம். சில நாள் இரண்டு தடவை கழுவிவிடுகிறாராம். ''கைப்புண்ணு மட்டும் ஆறிடுச்சுங்க்கா'' என்றார்.

பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ''யாரு, பாப்பாவா?'' என்று கேட்டேன்.

''ஆமாங்க்கா. இடுப்புல உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்குறா. ஒத்தக் கையிலதான் போன் பேசுறேன்'' என்றார்.

நீலகண்டனின் அருளால், உங்கள் பயமும் கழுத்தோடு நிற்கட்டும். உங்கள் கைகள் உங்கள் பிள்ளைகளிடம் திரும்பட்டும்!

தலக் குறிப்பு

தலம்: திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்
சுவாமி: அர்த்தநாரீஸ்வரர் (மாதொருபாகர்)
சிறப்பு: ஞானசம்பந்தர் பாடல் பெற்ற தலம். மலைமேல் செங்கோட்டு வேலவரும் அருள்கிறார்.
எப்படிப் போவது?: ஈரோட்டில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரம். சேலம், நாமக்கல், ஈரோட்டில் இருந்து பேருந்துகள் உண்டு. மலைக்குப் படி வழியாகவும் சாலை வழியாகவும் செல்லலாம்.
விழா: வைகாசி மாதத்தில் தேர்த் திருவிழா.